பழைய கிளை நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை நூலகத்தைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே முதல் கூட்டம் முழுக்க வண்ணம், நாற்காலி, நுழைவாயில் என்றுதான் போகும். ஒழுகும் கூரையைப் பற்றி மூன்றாவது கூட்டத்தில்தான் யாராவது வாய் திறப்பார்கள். அதற்குள் வரைபடம் பாதி முடிந்திருக்கும். நூலகர்கள், நூலகக் குழு உறுப்பினர்கள், அக்கறையுள்ள வாசகர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வெள்ளையடித்து நாற்காலி மாற்றினால் போதாதா?

சில கிளைகளுக்குப் போதும். கூரை ஒழுகவில்லை, மின்சாரத்தில் கோளாறு இல்லை, தரை சமமாக இருக்கிறது என்றால் வண்ணமும் புது விளக்குகளும் அலமாரிகளின் இடமாற்றமுமே நூலகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். வீண் செலவு வேண்டாம்.

ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் கட்டடத்தைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு அலமாரிக்குப் பின்னால் நிரந்தரமாக ஒரு வாளி இருக்கிறதா? சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி, பூச்சு உதிர்கிறதா? ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி, அதிலிருந்து மற்றொன்று என்று தொடர்கிறதா? கீழ்த் தட்டுப் புத்தகத்தைத் திறந்தால் மக்கிய வாடை அடிக்கிறதா? படியேற முடியாததால் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்களா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால், வண்ணம் பூசுவது நோயை மூடிவைப்பதுதான். இரண்டு மழைக்காலத்தில் அது மேலே வந்துவிடும்.

இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாமே?

அடித்தளம் இறங்கியிருந்தால், தூண்களிலும் உத்தரங்களிலும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடித்திருந்தால் அதையும் யோசிக்க வேண்டியதுதான். மற்றபடி எலும்புக்கூடு நன்றாக இருக்கும் கட்டடத்தை இடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய நூலகங்களில் உயரமான கூரை, தடித்த சுவர், பெரிய சன்னல் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். இன்று கட்டினால் செலவைக் காட்டி முதலில் வெட்டப்படுபவை இவைதான். இன்னொன்று, இடித்தால் நூலகம் ஊர் கண்ணிலிருந்து பல ஆண்டுகள் மறைந்துவிடும். அந்த இடத்தை வேறு எதற்காவது கேட்கும் ஆட்களும் அப்போதுதான் கிளம்புவார்கள்.

முதலில் யாரை அழைக்க வேண்டும்? கட்டடக் கலைஞரையா?

அவரும் வேண்டும். ஆனால் அவருக்கு முன்னால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து கட்டடத்தின் உடல்நிலையைப் பார்த்து எழுதிக்கொடுக்கட்டும். கூரை, சுவர், தரை தாங்கும் எடை, வடிகால், மின்சாரம், குழாய்கள் என்று தனித்தனியாக அறிக்கை வேண்டும். அது கையில் இல்லாமல் வரையும் வரைபடம் ஆசைப் பட்டியல்தான்.

அப்புறம், கட்டடத்தை அன்றாடம் பயன்படுத்துபவர்களிடம் கேளுங்கள். நூலகருக்குத் தெரியாதது சில சமயம் துப்புரவுப் பணியாளருக்குத் தெரியும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கழிவறைக் குழாய் அடிக்கடி அடைக்கும், எந்தச் சன்னல் பத்து வருடமாகத் திறக்கவில்லை என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. கட்டடக் கலைஞர் வந்ததும் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: கோடு போடும் முன் ஒரு முழு நாள், திறப்பது முதல் பூட்டுவது வரை, நூலகத்தில் உட்கார வேண்டும். காலையில் செய்தித்தாளுக்கு வரும் முதியவர்கள், மதியம் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், பள்ளி விட்டதும் ஓடிவரும் பிள்ளைகள் என ஒரே அறை மூன்று வேலை செய்வதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே. முதலில் கூரையும் மழைநீர் வடிகாலும். அடுத்து சுவரிலும் சன்னலிலும் நீர் புகும் இடங்கள். பிறகு மின்சாரம், குழாய்கள், காற்றோட்டம். அதன் பிறகே தரையும் கூரைப் பூச்சும். வண்ணமும் மேசை நாற்காலியும் கடைசி.

கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கும். திறப்பு விழாப் புகைப்படத்தில் கூரைத் தளம் தெரியாது, மின்கம்பி தெரியாது, வண்ணம் தெரியும்.

மின்சாரத்தைத் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜெர்மனியின் வைமர் நகரில் உள்ள அன்னா அமாலியா நூலகம் வேதனையான சான்று. புதுப்பிப்புக்காக அங்கிருந்த நூல்களை வேறு இடத்துக்கு மாற்றவிருந்தார்கள். அதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில் 2004 செப்டம்பர் 2 அன்று கூரைப் பகுதியில் தீப்பற்றியது. பழுதான மின் இணைப்புதான் காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. ஏறக்குறைய 50,000 நூல்கள் எரிந்துபோயின. நூலகம் மறுபடி திறந்தது 2007இல். உங்கள் புதுப்பிப்பு அடுத்த வருடம்தான் தொடங்கும் என்றாலும், மின்கம்பிகளைச் சோதிப்பதை இந்த வருடமே செய்துவிடுங்கள்.

பழைய கட்டடத்தைத் திறந்தால் என்னென்ன வெளிவரும்?

பூதம்தான். முக்கியமாக மூன்று. முதலாவது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கூரைத் தகட்டில் மட்டும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய தரை ஓடு, அதை ஒட்டிய பசை, குழாய்களைச் சுற்றிய உறை, கூரையின் சொரசொரப்பான பூச்சு ஆகியவற்றிலும் இருக்கலாம். பிரிட்டன் இதை முழுமையாகத் தடைசெய்ததே 1999இல்தான். உடைக்காமல் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்து, அறுத்து, தேய்க்கும்போதுதான் இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். அதனால் வேலை தொடங்கும் முன் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் அகற்ற வேண்டும்.

இரண்டாவது ஈயம் கலந்த பழைய வண்ணம். அதைக் காய்ந்த நிலையில் உரசித் தள்ளினால் வரும் தூசி, குழந்தைகள் புழங்கும் இடத்துக்குப் பெரும் கேடு. மூன்றாவது, 1970களின் இறுதிவரை தயாரான குழல்விளக்குகளின் சோக்குகள். அவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கலாம். சாதாரணக் குப்பையோடு போடக் கூடாது.

இவை தவிர, கண்ணுக்கு அழகாக இருப்பதே ஆபத்தாக இருக்கும் வகையும் உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் புகழ்பெற்ற பெரிய வாசிப்பு அறையில் 2014 மே மாதம் ஒரு இரவில் கூரையிலிருந்து ஒரு பூ வேலைப்பாடு கழன்று விழுந்தது. நல்லவேளை, அறையில் ஆள் இல்லை. அறையை மூடி, கூரை முழுவதையும் சோதித்து, அங்கிருந்த பூ வேலைப்பாடுகள் ஒவ்வொன்றையும் எஃகுக் கம்பியால் கட்டி, 2016 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். விழுந்தது ஒன்று, கட்டியது அத்தனையும். பழைய கட்டடத்தில் ஒரு பழுதைக் கண்டால், அதே வயதில் அதே விதமாகச் செய்யப்பட்ட எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

அலமாரிகளை விருப்பப்படி இடம் மாற்றலாமா?

தரைத்தளத்தில், மண்ணின் மேலேயே போட்ட தளம் என்றால் பெரும்பாலும் மாற்றலாம். மாடியில் பொறியாளரைக் கேட்காமல் ஒரு அலமாரியைக் கூட நகர்த்தாதீர்கள்.

காரணம் எடை. நெருக்கி அடுக்கிய புத்தகங்கள் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். இருபக்கமும் ஆறு தட்டுகள் கொண்ட ஒரு மீட்டர் அகல அலமாரியில் பன்னிரண்டு தட்டுகள். புத்தகம் மட்டுமே 360 கிலோ. பொதுவாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலையில் புத்தக அடுக்குகள் நிற்கும் அறையின் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ தாங்க வேண்டும். வாசிப்பு அறைக்கு 290 கிலோ போதும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மாடியில் இருக்கும் வாசிப்பு அறையை அடுக்கு அறையாக மாற்றினால், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதைப்போல இரண்டரை மடங்குச் சுமையை ஏற்றுகிறோம். தண்டவாளத்தில் ஓடும் நெருக்க அலமாரிகள் இன்னும் மோசம். நடைபாதைகளே இல்லாமல் அடுக்குவதால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இடம் மிச்சம் என்று விற்பனையாளர் சொல்வார். தரை தாங்குமா என்பது அவர் கவலை இல்லை.

இன்னொரு விஷயம். உயரமான அலமாரிகளைத் தரையோடோ சுவரோடோ பிணைக்காமல் விடக் கூடாது. நிலநடுக்கமே வேண்டாம், ஒரு பிள்ளை ஏறினாலே போதும்.

ஈரம், பூஞ்சை, பூச்சி: இவற்றுக்கு என்ன வழி?

பூஞ்சை மருந்து அடிப்பதால் போகாது, ஈரம் போனால்தான் போகும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 40 முதல் 60 வரை வைத்துக்கொள்ள முடிந்தால் புத்தகத்துக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. விலை மலிவான ஈரப்பதமானிகள் நாலைந்து வாங்கி, வேலை தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே அறைக்கு ஒன்றாக மாட்டி, காலை மாலை எண்ணைக் குறித்துவையுங்கள். எந்தச் சுவர் குற்றவாளி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

அலமாரிகளை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று போகும். கீழ்த் தட்டு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது உயரட்டும். குழாய் வெடித்து அறையில் தண்ணீர் பரவும் நாளில் அந்தப் பத்து சென்டிமீட்டரின் அருமை தெரியும். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பிடித்தது இருட்டும் ஈரமும் யாரும் தொடாத அமைதியும். புத்தகம் அடிக்கடி கைமாறும் அடுக்கில் அவை குடியேறுவது குறைவு.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்த நூல்களை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி இடம் மாற்றாதீர்கள். புதுக் கட்டடத்துக்கு நோயை வண்டி வைத்து ஏற்றிச் செல்வதுபோல் ஆகிவிடும்.

தீயணைப்புத் தெளிப்பான் வைத்தால் புத்தகம் நனைந்துவிடாதா?

நனையும். எரிந்து சாம்பலாவதைவிட நனைவது மேல். 1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் மைய நூலகத்தில் பற்றிய தீ ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஏறக்குறைய 4 லட்சம் நூல்கள் அழிந்தன. நனைந்தவற்றை உறைகுளிரில் வைத்துப் பிறகு உலர்த்தி மீட்டார்கள். நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால்தான் இந்த உறையவைக்கும் வழி. எரிந்த தாளுக்கு எந்த வழியும் கிடையாது. தெளிப்பானில் வெப்பம் பட்ட முனை மட்டும்தான் திறக்கும், சினிமாவில் வருவதுபோல் கட்டடம் முழுக்க மழை பெய்யாது.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஒரு சாய்தளம் போட்டால் போதுமா?

சாய்தளம் தொடக்கம்தான். அதைக்கூட ஒழுங்காகப் போட்ட நூலகங்கள் குறைவு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலான விதி. வாசல் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் மட்டும் 10.8 மீட்டர், நடுவில் இளைப்பாறச் சமதளம் வேறு. முற்றத்தில் இடம் இல்லை என்று நீளத்தைப் பாதியாக்கிவிடுகிறார்கள். அப்படிப் போட்டது சறுக்குமரம். இடம் இல்லையென்றால் சிறிய மேடை லிஃப்ட் வையுங்கள், அல்லது பக்கவாட்டில் தரைமட்டத்துக்குப் பக்கமாக இருக்கும் இடத்தில் புது வாசல் திறந்து அதையே எல்லோருக்கும் முதன்மை வாசலாக்குங்கள். இரண்டாவது யோசனைதான் எனக்குப் பிடித்தது. படியேற முடியாதவருக்குப் பின்வாசல், மற்றவருக்கு முன்வாசல் என்ற பிரிவினையே அதில் இல்லை.

உலகெங்கும் பழைய கிளைகளின் தலைவலி இந்தப் படிகள். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி தந்த பணத்தில் 1883 முதல் 1929 வரை 2,509 நூலகங்கள் எழுந்தன. அவற்றில் பலவற்றில் தெருவிலிருந்து படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அறிவை நோக்கி ஏறுகிறோம் என்ற எண்ணமாம். முழங்கால் வலிக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே வந்த பிறகும் வேலை இருக்கிறது. அலமாரிகளுக்கு இடையே 90 சென்டிமீட்டர் குறைந்தபட்சம், ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் வசதி. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு வெற்றிடம் வேண்டும். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய வேண்டும், இரவல் மேசையின் ஒரு பகுதி தாழ்வாக இருக்க வேண்டும். கழிவறை இருந்தும் அதில் துடைப்பமும் பழைய நாளிதழ்க் கட்டும் கிடந்தால் அது கழிவறை இல்லை, கிடங்கு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படியின் விளிம்பில் மாறுபட்ட நிறம், கண்ணாடிக் கதவில் பட்டை, பெரிய எழுத்துப் பலகை எல்லாம் சின்னச் செலவுகள். மறக்கப்படுவதும் அவைதான்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வாசிக்கும் மேசையில் 500 லக்ஸ், அலமாரிகளில் 200 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரநிலை. ஆனால் எண்ணைவிட இடம் முக்கியம். கூரையில் வரிசையாக விளக்கு போட்டுவிட்டு, அப்புறம் அலமாரியைக் குறுக்காக வைத்தால் கீழ்த் தட்டு இருட்டாகிவிடும். புத்தகத்தின் முதுகு செங்குத்தாக இருக்கிறது, வெளிச்சம் அங்கே விழ வேண்டும். அலமாரி எங்கே என்று முடிவான பிறகே விளக்கின் இடத்தைக் குறியுங்கள்.

இயற்கை வெளிச்சம் நல்லது, நேர் வெயில் கெட்டது. மேற்கு வெயில் படும் சன்னலோரம் புத்தக அடுக்கை வைத்தால் சில ஆண்டுகளில் முதுகுகள் வெளுத்துவிடும். அங்கே நாற்காலி போட்டு, நிழல் தரும் திரையும் போடுங்கள். எல்லோரும் அந்த நாற்காலிக்குத்தான் போட்டி போடுவார்கள்.

சத்தத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

'அமைதி' என்று பலகை மாட்டி ஒன்றும் நடக்காது. சத்தத்தை வாசலருகே வைத்து, அமைதியை ஆழத்தில் வையுங்கள். இரவல் மேசை, செய்தித்தாள், பிள்ளைகள் பகுதி முன்புறம். தேர்வுக்குப் படிப்பவர்கள் கடைசி அறையில். நடுவில் புத்தக அடுக்குகளே சுவர்போல நின்று ஒலியை ஓரளவு உறிஞ்சும். வழவழப்பான ஓடும் கண்ணாடியும் வெறும் கான்கிரீட் கூரையும் சேர்ந்த அறையில் ஒரு நாற்காலியை இழுத்தால் ஊருக்கே கேட்கும். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் நாற்காலிக் காலுக்கு ரப்பர் குமிழும் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளைகள் பகுதிக்கு ஏதாவது சிறப்பு?

சுவரில் கார்ட்டூன் வரைந்தால் பிள்ளைகள் பகுதி ஆகிவிடாது. அலமாரி 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம், படப் புத்தகங்கள் அட்டை தெரியும்படி முகம் காட்டி நிற்கட்டும். பெற்றோர் உட்கார பெரிய நாற்காலி இரண்டும், பக்கத்திலேயே கழிவறையும் இருந்தால் போதும், மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். தெருவுக்கு நேராகத் திறக்கும் கதவு மட்டும் அந்தப் பகுதியில் இருக்கக் கூடாது.

கணினிகளுக்கு எத்தனை இடம் ஒதுக்குவது?

நினைத்ததைவிடக் குறைவாக. மின்சாரப் புள்ளிகள் நினைத்ததைவிட அதிகமாக. ஒரு காலத்தில் கணினி அறை என்று தனியே கட்டி, கனமான மேசைகளைத் தரையில் பதித்தவர்கள் இன்று அதை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசகர்கள் தங்கள் கருவியோடு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மின்சாரம், வைஃபை, உட்கார இடம். சொந்தக் கருவி இல்லாதவர்களுக்காகச் சில கணினிகள் கட்டாயம் வேண்டும், நூலகத்தைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அவர்கள்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது. கட்டட வேலைக்கு இதைவிடப் பயனுள்ள வாசகம் எனக்குத் தெரியவில்லை. வளரும் உயிருக்குத் தைக்கும் சட்டையில் கொஞ்சம் துணியை மடித்துவிடுவோம் அல்லவா? அதுபோல, இப்போது தேவைப்படாத இடத்திலும் தரைக்கடியில் காலிக் குழாய்களைப் போட்டுவையுங்கள். நாளைக்குக் கம்பி இழுக்கத் தரையை உடைக்க வேண்டியிருக்காது. நிரந்தரச் சுவரைவிட நகர்த்தக்கூடிய அலமாரி, பதித்த மேசையைவிடச் சக்கரம் வைத்த மேசை.

வேலையைச் சாக்காக வைத்துப் பழைய புத்தகங்களைக் கழித்துவிடலாமா?

கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். யாரும் தொடாத நூலைக் கட்டி, சுமந்து, சேமித்து, திரும்ப அடுக்குவது நான்கு மடங்கு வேலை. ஆனால் இதை அவசரத்தில் செய்யக் கூடாது. கட்ட வந்த ஆட்கள் நிற்கும்போது 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று வீசினால், அந்த ஊரைப் பற்றிய ஒரே பதிப்பும் பழைய கடைக்குப் போய்விடும்.

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். தகவல் தவறாகிப்போனது, கிழிந்து பயன்படாதது, புதிய பதிப்பு வந்துவிட்டது, மேலோட்டமானது, இந்த வாசகர்களுக்குச் சம்பந்தமில்லாதது, வேறு கிளையில் எளிதாகக் கிடைப்பது என ஆறு காரணங்களை வைத்துப் பார்க்கும் முறை அமெரிக்க நூலகங்களில் பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. மருத்துவம், சட்டம், கணினி நூல்களில் கடுமையாக இருங்கள். இலக்கியத்திலும் உள்ளூர் வரலாற்றிலும் கை நடுங்கட்டும். கழித்தவற்றின் பட்டியலைப் பகிரங்கமாக வையுங்கள். இரவில் லாரியில் ஏற்றினால் மறுநாள் காலையில் ஊர் கூடும், கூடவும் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு தட்டுகளை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். மூச்சுமுட்ட அடுக்கிய தட்டிலிருந்து யாரும் புத்தகம் உருவ மாட்டார்கள்.

வேலை நடக்கும்போது நூலகத்தை மூட வேண்டுமா?

பகுதி பகுதியாக வேலை செய்து பாதியைத் திறந்து வைக்கலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். மின்சாரமும் கூரையும் மாறும் வேலையில் அது தூசி, சத்தம், ஆபத்து மூன்றையும் வாசகர் தலையில் கட்டுவது, வேலையும் இழுக்கும். பெரிய வேலை என்றால் மூடுவதே நேர்மை.

ஆனால் மூடியபின் மாற்று ஏற்பாடு இல்லையென்றால், கட்டடம் தப்பிக்கும், நூலகம் செத்துவிடும். பழக்கம் விட்டுப்போன வாசகர் புது விளக்கைப் பார்த்துத் திரும்பி வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான் பார்த்த ஒரு கிளையில் எட்டு மாதம் என்று சொல்லி மூடி, இரண்டு வருடம் கழித்துத் திறந்தார்கள். தினமும் காலையில் செய்தித்தாளுக்காக வந்துகொண்டிருந்த கூட்டம் அதற்குள் எங்கோ கலைந்துவிட்டது. மேசைகள் புதிது, உட்காரத்தான் ஆளில்லை.

அதனால் நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை பிடியுங்கள். அடிக்கடி இரவல் போகும் இரண்டாயிரம் நூல்கள், அன்றைய நாளிதழ்கள், புத்தகம் திருப்பித் தரும் பெட்டி, பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கதை நேரம். இவ்வளவு போதும். எப்போது திறப்போம் என்பதைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தேதி தள்ளிப்போனால் காரணத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

புத்தகங்களை எப்படிக் கட்டி எடுத்துச் செல்வது?

எண்ணிக்கையில் கணக்குப் போடாமல் தட்டின் நீளத்தில் போடுங்கள். எத்தனை மீட்டர் புத்தகம் இருக்கிறது, புது அமைப்பில் எத்தனை மீட்டர் தட்டு இருக்கிறது என்று தெரிந்தால், எந்த வரிசை எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே தாளில் குறிக்கலாம். பெட்டி சிறியதாக இருக்கட்டும், 15 கிலோவுக்கு மேல் போனால் தூக்குபவர் முதுகு போய்விடும். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனையாவது பெட்டி என்று எழுதுங்கள். பெட்டியின் மூடியில் எழுத வேண்டாம், பக்கவாட்டில் எழுதுங்கள், அடுக்கிய பிறகு மூடி தெரியாது. புத்தகத்தைப் படுக்கவைத்தோ முதுகு கீழே இருக்கும்படியோ வைக்கலாம். திறக்கும் பக்கம் கீழே இருந்தால் தாள்களின் எடை தையலை இழுத்துக் கட்டு விட்டுப்போகும்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு சிறிய கிளைக்குக் கட்டட வேலை ஓராண்டுக்குள் முடியலாம். அதற்கு முந்தைய ஆய்வு, ஒப்புதல், நிதி, டெண்டர் எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் 2000ஆம் ஆண்டில் வாக்களித்து ஒப்புதல் தந்த கிளை நூலக மேம்பாட்டுத் திட்டத்தில் 24 கிளைகள். கடைசிக் கிளை திறந்தது 2014இல்.

பணம் போதவில்லை. எதை வெட்டுவது?

முதலில், வெட்ட வேண்டிய நிலை வராமலிருக்க, பழைய கட்டடத்துக்கு 15 முதல் 20 விழுக்காடு எதிர்பாராச் செலவு என்று ஒதுக்கிவையுங்கள். அதைத் தொடக்கத்திலேயே நல்ல தரைக் கல்லுக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

அதையும் மீறிப் போதவில்லையென்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் பிறகு சேர்க்க முடியுமா? மேசை நாற்காலி, அலங்காரக் கூரை, வரவேற்பு மேசை, தோட்டம் எல்லாம் அடுத்த வருடம் வரலாம். கூரையின் நீர்த்தடுப்பு, தரைக்கடிக் குழாய், லிஃப்ட்டுக்கான குழி, கழிவறையின் அகலம் இவை பிறகு வராது. லிஃப்ட் வாங்கப் பணமில்லையா, குழியையும் சுவரையும் மட்டும் கட்டி மேலே பலகை போட்டு மூடிவையுங்கள். பழைய நாற்காலிகளோடு திறந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மக்களிடம் கருத்துக் கேட்பது பயன் தருமா?

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. நூலகத்துக்குள் படிவம் வைத்தால் ஏற்கெனவே வருகிறவர்கள்தான் நிரப்புவார்கள். அவர்கள் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டாம் என்பார்கள். வராதவர்களைத் தேடிப் போய், ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். பேருந்து நிறுத்தத்தில், பள்ளி வாசலில், மருத்துவமனைக் காத்திருப்பு இடத்தில் அரை மணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும். 'வேலை முடிந்து வரும்போது பூட்டியிருக்கிறது' என்று பாதிப்பேர் சொன்னால், உங்களுக்கு முதலில் தேவைப்படுவது நேர மாற்றம். அதற்குச் செங்கல் வேண்டியதில்லை.

பழைய பொருட்களை என்ன செய்வது?

பழைய மர மேசைகளைத் தேய்த்து மெருகேற்றினால் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும். அட்டைப் பட்டியல் இழுப்பறைகளில் ஒன்றையாவது வைத்திருங்கள், விதைப் பொட்டலம் சேகரிக்கவோ பிள்ளைகள் விளையாடவோ ஆகும். திறப்பு விழாக் கல்வெட்டைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள். உடைந்த இரும்பு ரேக்குக்கு மட்டும் பாசம் வேண்டாம்.

திறப்பு விழா முடிந்தது. வேலையும் முடிந்ததா?

கார்னகி பணம் தந்த ஊர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இடத்தை ஊர் தர வேண்டும், கட்டடத்துக்கு அவர் தந்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஊர் செலவழிக்க வேண்டும். அந்தக் கணக்கு இன்று அப்படியே பொருந்தாது, ஆனால் புதுப்பிப்பு நிதியோடு பராமரிப்பு நிதியையும் ஒரே கோப்பில் கேட்டு வாங்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும். வடிகாலில் இலை அடைத்துக்கொள்வதை அள்ள ஆள் இல்லாமல்தான் பழைய கூரை ஒழுகத் தொடங்கியிருக்கும். புதுக் கூரையிலும் இலை விழும்.

ஒப்பந்தத்தில் குறைநீக்கக் காலம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஓராண்டு. அது முடிவதற்குள் குறைகளை எழுதிக் கொடுத்தால்தான் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்வார். ஆகவே முதல் பெருமழை பெய்யும் நாளில் டார்ச் விளக்கோடு மேல்தளத்துக்குப் போங்கள், பிறகு உள்ளே ஒவ்வொரு அறையின் மூலையையும் பாருங்கள். ஈரம் தெரியும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், இரண்டு படங்களையும் இணைத்து அன்றைக்கே கடிதம் எழுதிவிடுங்கள்.